பாடு என்ற ஒரு வினை, மூன்று மொழிகள்: லத்தீன், ஸ்பானிஷ், ஆங்கில நிகழ்காலத்தைக் கற்கும் வழி

லத்தீன் பாடநூலைத் திறந்ததும் பலரை மிரள வைப்பது வினைத்திரிபு அட்டவணை. ஆறு வரிசை, நான்கு வகை, இவை போதாதென்று விதிவிலக்குகள் வேறு. ஸ்பானிஷ் நூலிலும் ஏறக்குறைய இதே காட்சிதான். தமிழ் பேசுகிறவர் இதைக் கண்டு மிரளத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. பாடுகிறேன், பாடுகிறாய், பாடுகிறோம் என்று நாம் நாள் முழுவதும் செய்துகொண்டிருப்பதும் அதே வேலைதான். வினையின் கடைசியில் விகுதி மாறுகிறது, அதைக் கேட்டதும் யார் பாடுவது என்று தெரிந்துவிடுகிறது. லத்தீனும் ஸ்பானிஷும் இந்த விஷயத்தில் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு நெருக்கமாக நடந்துகொள்கின்றன. ஆங்கிலத்தின் வழியாக அவற்றை அணுகும்போதுதான் சிக்கல் வருகிறது.

தொடங்கும் முன் ஒலிப்பைப் பற்றி ஒரு குறிப்பு. இங்கே எல்லாச் சொற்களையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். லத்தீன் விகுதிகளில் வரும் 'த்' என்பதைப் 'பத்து' என்ற சொல்லில் வரும் வல்லோசையோடு படியுங்கள். 'ன்த்' என்று எழுதியிருந்தாலும் அதே வல்லோசைதான், 'பந்து' என்பதில் கேட்கும் மெல்லிய ஒலி அல்ல. 'தொர்மீரே' போன்ற சொற்களின் முதல் எழுத்தைத் 'தர்மம்' என்பதில் வருவதுபோல ஒலியுங்கள். ஸ்பானிஷில் 'வ' என்று நான் எழுதும் இடங்கள் உண்மையில் 'அன்பு' என்பதில் வரும் 'பு'வின் ஒலிக்கு அருகில் இருக்கும். சரியான ஒலிப்புக்கு ஒலிப்பதிவுகளைக் கேட்பதே வழி.

முதல் படி: தமிழ் வினையைப் பிரித்துப் பாருங்கள்

பாடுகிறேன் = பாடு + கிறு + ஏன். பகுதி, இடைநிலை, விகுதி. பகுதி செயலைச் சொல்கிறது, இடைநிலை காலத்தைச் சொல்கிறது, விகுதி ஆளைச் சொல்கிறது.

லத்தீன் நிகழ்காலத்தில் இடைநிலை கிடையாது. இறந்தகாலத் தொடர்வினைக்கு ஒன்று உண்டு, எதிர்காலத்துக்கு ஒன்று உண்டு. நிகழ்காலத்தில் பகுதியோடு விகுதி நேராக ஒட்டிக்கொள்கிறது. நிகழ்காலத்தை முதலில் கற்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இன்னொரு வேறுபாடும் நமக்குச் சாதகமானது. தமிழில் படர்க்கை ஒருமைக்கு ஆன், ஆள், ஆர், அது என்று பல விகுதிகள் உண்டு. லத்தீனிலும் ஸ்பானிஷிலும் வினை பால் காட்டாது. பாடுகிறான், பாடுகிறாள், பாடுகிறது மூன்றுக்கும் ஒரே வடிவம். ஆகவே நினைவில் கொள்ள வேண்டியவை ஆறு இடங்கள் மட்டுமே: நான், நீ, அவன் அல்லது அவள் அல்லது அது, நாம், நீங்கள், அவர்கள். நாம், நாங்கள் என்ற வேறுபாடு இம்மூன்று மொழிகளிலும் இல்லை. தமிழிலேயே வினை அந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை என்பதையும் கவனியுங்கள்: நாம் பாடுகிறோம், நாங்கள் பாடுகிறோம்.

இரண்டாம் படி: லத்தீனின் ஆறு விகுதிகளை மனத்தில் பதியுங்கள்

ஓ, ஸ், த், முஸ், திஸ், ன்த்.

நான், நீ, அவன்/அவள்/அது, நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் இவை வரும். லத்தீனில் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது இதுதான். நிகழ்காலத்தைத் தாண்டிய பிறகும் இவை கைவிடுவதில்லை. வேறு பல காலங்களிலும் இவையே, சிறு மாற்றத்துடன், திரும்ப வரும். தன்மை ஒருமையில் ஓ-வுக்குப் பதில் ம் வரும் இடங்கள் உண்டு, அவ்வளவுதான்.

இப்போது இவற்றைப் பாடு என்ற வினையில் ஒட்டலாம். 'பாட' என்ற பொருள் தரும், ஆளைக் காட்டாத இன்பினிட்டிவ் வடிவம் கன்தாரே. கடைசியில் உள்ள 'ரே'யை நீக்கினால் கன்தா என்ற பகுதி கிடைக்கும்.

கன்தோ – பாடுகிறேன்
கன்தாஸ் – பாடுகிறாய்
கன்தத் – பாடுகிறான், பாடுகிறாள், பாடுகிறது
கன்தாமுஸ் – பாடுகிறோம்
கன்தாதிஸ் – பாடுகிறீர்கள்
கன்தன்த் – பாடுகிறார்கள்

மூன்று இடங்களில் பகுதி சற்று மாறியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். 'ஓ' வரும்போது 'ஆ' மறைந்துவிடுகிறது. 'த்', 'ன்த்' இரண்டுக்கும் முன்னால் நெடில் குறிலாகிறது: கன்தாத் அல்ல, கன்தத். இவற்றைத் தனி விதிவிலக்குகளாகக் கருதாமல் புணர்ச்சி விதிகளாகக் கொள்ளுங்கள். எல்லா வகை வினைகளிலும் இதே குறுக்கம் நடக்கும்.

மூன்றாம் படி: நான்கு வகைகளை உயிரெழுத்தால் அடையாளம் காணுங்கள்

லத்தீன் வினைகள் நான்கு குடும்பங்கள். எது எந்தக் குடும்பம் என்பதை 'ரே'க்கு முந்திய உயிர் காட்டிக்கொடுக்கும்.

முதல் வகையில் ஆ: கன்தாரே, பாட.
இரண்டாம் வகையில் ஏ: தெனேரே, பிடித்திருக்க.
மூன்றாம் வகையில் எ: வீவெரே, வாழ.
நான்காம் வகையில் ஈ: தொர்மீரே, உறங்க.

இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் இடையிலுள்ள வேறுபாடு வெறும் ஏகாரமும் எகரமும்தான். குறில் நெடில் வேறுபாடு இல்லாத மொழிக்காரர்கள் இங்கே நெடுநாள் தடுமாறுகிறார்கள். நமக்கு அந்தக் காது ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: பாடநூல்கள் நெடிலின் மேல் ஒரு கோடு போட்டுக் காட்டும், மற்ற லத்தீன் நூல்களில் பெரும்பாலும் அந்தக் கோடு இருக்காது. ஆகையால் ஒரு வினையைக் கற்கும் நாளிலேயே குறிலா நெடிலா என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் திரும்ப முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் வகை எளிது. தெனெயோ, தெனேஸ், தெனெத், தெனேமுஸ், தெனேதிஸ், தெனென்த். ஏகாரம் எங்கும் மறைவதில்லை. இன்னோர் உயிரின் முன்னும், 'த்', 'ன்த்' ஆகியவற்றின் முன்னும் குறிலாகிறது.

மூன்றாம் வகைதான் கவனம் கேட்பது. இங்கே குறில் எகரம் வலுவில்லாதது, எனவே பெரும்பாலும் இகரமாகத் திரிகிறது: வீவோ, வீவிஸ், வீவித், வீவிமுஸ், வீவிதிஸ். கடைசி வடிவத்தில் மட்டும் உகரமாகிறது: வீவுன்த். இந்த 'உன்த்' முடிவைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். வாழ்கிறார்கள் என்று எழுத நினைத்து வீவின்த் என்று எழுதுவது புதியவர்களிடம் மிகப் பரவலான பிழை.

நான்காம் வகை: தொர்மியோ, தொர்மீஸ், தொர்மித், தொர்மீமுஸ், தொர்மீதிஸ், தொர்மியுன்த். கடைசியில் இங்கும் அந்த 'உன்த்' வந்து ஒட்டிக்கொள்கிறது.

மூன்றாம் வகையில் ஓர் உட்பிரிவு உண்டு. ஃபுகெரே, அதாவது ஓடிப்போக, என்ற வினை ஃபுகியோ, ஃபுகிஸ், ஃபுகித், ஃபுகிமுஸ், ஃபுகிதிஸ், ஃபுகியுன்த் என்று வரும். முதல் வடிவமும் கடைசி வடிவமும் நான்காம் வகையைப் போல இருக்கின்றன, நடுவில் உள்ளவை மூன்றாம் வகையைப் போலக் குறிலாகவே நிற்கின்றன. 'காலம் ஓடுகிறது' என்று பொருள்படும் 'தெம்புஸ் ஃபுகித்' என்ற பழமொழியில் உள்ளது இந்த வினைதான்.

அகராதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பானிஷ் அகராதியில் இன்பினிட்டிவ் வடிவத்தைத் தேட வேண்டும். லத்தீன் அகராதியில் அப்படியல்ல. தலைச்சொல்லாக இருப்பது தன்மை ஒருமை வடிவம், அதாவது கன்தோ. அதை அடுத்தே கன்தாரே வரும். இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். கன்தோ, வீவோ இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் முதல் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

'இரு' என்ற வினை எந்தக் குடும்பத்திலும் சேராது: ஸும், எஸ், எஸ்த், ஸுமுஸ், எஸ்திஸ், ஸுன்த். விகுதிகளை மட்டும் பாருங்கள். ம், ஸ், த், முஸ், திஸ், ன்த். எல்லாம் பழையவையே. முடியும் என்ற பொருளில் வரும் போஸ்ஸும், பொதெஸ், பொதெஸ்த் என்ற வினை இதன் முன்னால் ஓர் அசை சேர்ந்து உருவானது. இதைக் கற்றவருக்கு அது இலவசம்.

நான்காம் படி: அதே விகுதிகளை ஸ்பானிஷில் தேடுங்கள்

ஸ்பானிஷ் லத்தீனிலிருந்து பிறந்த மொழி. கன்தாரே அங்கே கன்தார் ஆயிற்று. திரிபைப் பாருங்கள்:

கன்தோ, கன்தாஸ், கன்தா, கன்தாமோஸ், கன்தாய்ஸ், கன்தான்.

லத்தீன் வரிசையை அருகில் வைத்துப் படித்தால் ஒவ்வொரு விகுதிக்கும் என்ன நேர்ந்தது என்று புரியும். படர்க்கையில் இறுதித் 'த்' உதிர்ந்துவிட்டது, கன்தத் கன்தாவாகவும் கன்தன்த் கன்தானாகவும் ஆயின. முஸ் மோஸ் ஆயிற்று. திஸ் என்பதன் நடு மெய் தேய்ந்து ஆய்ஸ் என்ற முடிவு கிடைத்தது. ஸ்பானிஷ் மட்டும் கற்க விரும்புகிறவர் லத்தீனைக் கற்றே ஆக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டையும் கற்கப் போகிறவர் லத்தீனில் தொடங்குவதே நல்லது. உதிர்ந்தவை எவை என்று தெரிந்தால் மிச்சம் இருப்பவை மனத்தில் நிற்கும்.

நான்கு குடும்பங்கள் ஸ்பானிஷில் மூன்றாயின: ஆர், ஏர், இர். லத்தீனின் மூன்றாம் வகை வினைகள் சிதறிப்போய், சில ஏர் பக்கமும் சில இர் பக்கமும் சேர்ந்தன. வீவெரே ஸ்பானிஷில் விவிர் ஆனது.

ஏர் வகை, உண்ண என்ற பொருளுள்ள கொமேர்: கொமோ, கொமேஸ், கொமே, கொமேமோஸ், கொமேய்ஸ், கொமேன்.
இர் வகை, வாழ என்ற பொருளுள்ள விவிர்: விவோ, விவேஸ், விவே, விவிமோஸ், விவீஸ், விவேன்.

இரண்டுக்கும் வேறுபாடு நாம், நீங்கள் என்ற இரண்டு இடங்களில் மட்டுமே.

தமிழ்க் காதுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. நமக்கு 'ஏன்' என்ற விகுதி தன்மை ஒருமை. ஸ்பானிஷில் விவேன் என்றால் வாழ்கிறேன் அல்ல, வாழ்கிறார்கள். நமக்கு 'ஆன்' என்றால் ஓர் ஆண். ஸ்பானிஷில் கன்தான் என்றால் பலர் பாடுகிறார்கள். தொடக்க நாட்களில் கேட்கும்போது மனம் தானாகவே தமிழ் விகுதியின் பக்கம் சாயும். இந்த இரண்டையும் மட்டும் தனியாக எடுத்து, பத்துப் பதினைந்து வினைகளில் ஒட்டி, 'அவர்கள்' என்று உரக்கச் சொல்லிப் பழகுவது நல்ல பலன் தரும்.

ஐந்தாம் படி: அழுத்தம் விழும் இடத்தைக் கவனியுங்கள்

தொர்மீரே ஸ்பானிஷில் தொர்மிர். திரிபோ இப்படி இருக்கிறது: துவெர்மோ, துவெர்மேஸ், துவெர்மே, தொர்மிமோஸ், தொர்மீஸ், துவெர்மேன். நான்கு இடங்களில் பகுதி மாறுகிறது, இரண்டு இடங்களில் மாறவில்லை. பல நூல்கள் இதை விதிவிலக்கு என்று சொல்லி நகர்ந்துவிடுகின்றன. காரணத்தைச் சொன்னால் மாணவர் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்.

ஒரு சொல்லில் ஓர் அசையை மற்றவற்றைவிட ஓங்கி ஒலிப்பதே அழுத்தம். லத்தீனிலிருந்து ஸ்பானிஷ் உருவான காலத்தில், அழுத்தம் விழுந்த குறில் ஒகரம் 'உவெ' என்றும், அழுத்தம் விழுந்த குறில் எகரம் 'இயெ' என்றும் உடைந்தன. அழுத்தம் இல்லாத இடத்தில் அவை அப்படியே இருந்தன. துவெர்மோ என்னும்போது அழுத்தம் பகுதியில் விழுகிறது. தொர்மிமோஸ் என்னும்போது அழுத்தம் 'மி'க்கு நகர்ந்துவிடுகிறது, ஆகவே பழைய ஒகரம் தப்பித்துக்கொள்கிறது. நாம், நீங்கள் என்ற இரண்டு இடங்களிலும் அழுத்தம் விகுதிப் பக்கம் போகும் என்று நினைவில் வைத்தால் இந்த மாற்றம் முழுவதும் கைக்குள் வரும். நினைக்க என்ற பொருளுள்ள பென்ஸார் பியென்ஸோ, பென்ஸாமோஸ் என்று மாறுவதும் இதே வழியில்தான். கேட்டுப் பெறுவதைக் குறிக்கும் பெதிர், பிதோ, பெதிமோஸ் என்று மாறும்போது எகரம் இகரமாகிறது. உயிர் வேறு, இடங்கள் அவையே.

அடுத்து, தன்மை ஒருமையில் மட்டும் 'கோ' ஏற்கும் வினைகள்: தெங்கோ (என்னிடம் இருக்கிறது), வெங்கோ (வருகிறேன்), பொங்கோ (வைக்கிறேன்), ஸால்கோ (வெளியே போகிறேன்). அன்றாடப் பேச்சில் இவை இல்லாமல் ஒரு நாளும் நகராது என்பதால் இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். தெனேரேயின் வாரிசான தெனேர் இரண்டு மாற்றங்களையும் ஒன்றாகக் காட்டும்: தெங்கோ, தியெனேஸ், தியெனே, தெனேமோஸ், தெனேய்ஸ், தியெனேன். என்னிடம் இருக்கிறது என்று நாம் சொல்வதற்கு ஸ்பானிஷ்காரர் சொல்வது தெங்கோ.

'இரு' என்பதற்கு ஸ்பானிஷில் இரண்டு வினைகள். ஒருவர் யார், ஒரு பொருள் என்ன என்று சொல்ல ஸேர்: ஸோய், எரேஸ், எஸ், ஸோமோஸ், ஸோய்ஸ், ஸோன். எங்கே இருக்கிறார், எந்த நிலையில் இருக்கிறார் என்று சொல்ல எஸ்தார்: எஸ்தோய், எஸ்தாஸ், எஸ்தா, எஸ்தாமோஸ், எஸ்தாய்ஸ், எஸ்தான். இரண்டாவது வினை 'நில்' என்ற பொருளுள்ள லத்தீன் ஸ்தாரேயிலிருந்து வந்தது. நிற்கும் இடம், நிற்கும் நிலை என்று எண்ணிக்கொண்டால் எதை எங்கே பயன்படுத்துவது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

ஆறாம் படி: மரியாதை வடிவம்

பழைய லத்தீனில் மரியாதைப் பன்மை கிடையாது. ஒருவரிடம் பேசினால், அவர் எவ்வளவு பெரியவரானாலும், கன்தாஸ்தான். பலரிடம் பேசும்போதுதான் கன்தாதிஸ்.

ஸ்பானிஷில் நண்பரிடம் 'தூ', மரியாதைக்குரியவரிடம் 'உஸ்தேத்'. உஸ்தேத் என்ற சொல்லோடு வருவது படர்க்கை ஒருமை வினை: உஸ்தேத் கன்தா. தமிழ்ப் பழக்கத்தில் மரியாதை என்றாலே பன்மை என்று கை தானாகப் போகும், அதைத் தடுத்து நிறுத்துங்கள். பலரிடம் பேசும்போது ஸ்பெயினில் நெருக்கமானவர்களுக்குக் கன்தாய்ஸ் என்ற வடிவம் வழங்குகிறது. லத்தீன் அமெரிக்காவில் அதற்குப் பதில் எல்லோருக்கும் 'உஸ்தேதெஸ் கன்தான்' என்பதே வழக்கு. அர்ஜென்டினா போன்ற நாடுகளில் 'தூ'வின் இடத்தில் 'வோஸ்' இருக்கிறது, அதற்குத் தனி வடிவங்கள் உண்டு: எரேஸ் என்பதற்குப் பதில் ஸோஸ், தியெனேஸ் என்பதற்குப் பதில் தெனேஸ், அழுத்தம் கடைசி அசையில். எந்த நாட்டாரோடு பேசப் போகிறீர்கள் என்று முடிவுசெய்துவிட்டுக் கற்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஏழாம் படி: ஆங்கிலத்தில் விகுதியை விடுத்துச் சொல்லமைப்பைப் பாருங்கள்

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் விகுதிகள் நிறைய இருந்தன. பழைய ஆங்கிலத்தில் நான், நீ, அவன் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு முடிவு. காலப்போக்கில் எல்லாம் தேய்ந்து, இன்று படர்க்கை ஒருமையில் ஓர் 'எஸ்' மட்டும் மிஞ்சியிருக்கிறது: ஐ சிங், யூ சிங், ஹி சிங்ஸ், வி சிங், தே சிங். விகுதி ஆளைக் காட்டாததால் எழுவாயை விட முடியாது. கன்தோ என்ற ஒரே சொல் முழு வாக்கியம். சிங் என்று மட்டும் சொன்னால் அது ஏவல் ஆகிவிடும். இதனால்தான் ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் கற்கிறவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ, யோ' என்று நான், நானெனப் பேசுகிறார். அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் அந்தச் சொல் போதும், தமிழில் நாம் செய்வதைப் போலவே.

எஸ் சேர்ப்பதில் எழுத்து விதிகள் சில. எஸ், எஸ்எச், சிஎச், எக்ஸ் எழுத்துகளில் முடிந்தால் இஎஸ்: வாட்ச், வாட்சஸ். கோ, டூ இரண்டும் கோஸ், டஸ். ஒய் என்ற எழுத்தில் முடிந்து அதற்கு முன் மெய்யெழுத்து இருந்தால் ஒய் நீங்கி ஐஇஎஸ் வரும்: ஸ்டடி, ஸ்டடீஸ். முன்னால் உயிர் இருந்தால் ஒய் அப்படியே நிற்கும்: ப்ளே, ப்ளேஸ். கேன், மஸ்ட், மே போன்றவை எஸ் ஏற்காது.

உண்மையான கடினம் வினாவிலும் எதிர்மறையிலும் இருக்கிறது. லத்தீனில் 'நோன் கன்தத்', ஸ்பானிஷில் 'நோ கன்தா'. வினைக்கு முன் ஒரு சொல் வைத்தால் வேலை முடிந்தது. ஆங்கிலமோ டூ என்ற துணைவினையைக் கூட்டிவருகிறது: ஹி டஸ் நாட் சிங், டஸ் ஹி சிங்? எஸ் இப்போது துணைவினைக்குப் போய்விட்டது, ஆகவே முதன்மை வினையில் அது வரக்கூடாது. டஸ் ஹி சிங்ஸ் என்பது பிழை.

எட்டாம் படி: எந்தப் பொருளுக்கு எந்த வடிவம்

லத்தீன் கன்தோ என்பதற்கு 'இப்போது பாடிக்கொண்டிருக்கிறேன்', 'வழக்கமாகப் பாடுகிறேன்' இரண்டும் பொருந்தும். ஸ்பானிஷிலும் அப்படியே, நடந்துகொண்டிருப்பதை அழுத்திச் சொல்ல 'எஸ்தோய் கன்தாந்தோ' என்ற வடிவமும் உண்டு. ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும்: இப்போது நடப்பதற்கு ஐ ஆம் சிங்கிங், வழக்கத்துக்கு ஐ சிங்.

தமிழர் சறுக்கும் இடம் இங்கே. தினமும் பாடுவான் என்று வழக்கத்தை எதிர்கால வடிவில் சொல்லும் மொழி நம்முடையது. அதே நினைப்பில் ஆங்கிலத்தில் 'ஹி வில் சிங் எவ்ரி டே' என்று எழுதிவிடுகிறோம். சரியானது 'ஹி சிங்ஸ் எவ்ரி டே'. லத்தீனிலும் ஸ்பானிஷிலும்கூட வழக்கத்துக்கு நிகழ்காலம்தான். அறிதல், நம்புதல், விரும்புதல் போன்ற மனநிலை வினைகளை ஆங்கிலத்தில் தொடர்வடிவில் வைப்பதில்லை. 'ஐ நோ' என்பதே வழக்கு, 'ஐ ஆம் நோயிங்' அல்ல.

எனக்குப் பிடிக்கும் என்பதில் மட்டும் ஸ்பானிஷ் நம் பக்கம் நிற்கிறது. 'மே குஸ்தா கன்தார்' என்றால் எனக்குப் பாடப் பிடிக்கும். ஆள் நான்காம் வேற்றுமையில், பிடித்த பொருள் எழுவாய். பொருள் பன்மையானால் வினையும் பன்மை: மே குஸ்தான். ஆங்கிலேயர் பாடுபட்டுக் கற்கும் இந்த அமைப்பு நமக்குத் தாய்மொழியிலேயே இருக்கிறது.

ஒன்பதாம் படி: பயிற்சி

அட்டவணையை மேலிருந்து கீழாக ஒப்பிப்பதோடு நிறுத்தாதீர்கள். அப்படிக் கற்றவருக்கு 'பாடுகிறார்கள்' என்று கேட்டால் முதல் வடிவத்திலிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டியிருக்கும். ஆறு இடங்களையும் ஆறு சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, வந்த இடத்துக்கு உரிய வடிவத்தை உடனே சொல்லுங்கள். பிறகு திசையை மாற்றுங்கள்: வடிவத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல வேண்டும். வாசிக்கும்போது தேவைப்படுவது இந்த இரண்டாவது திறமை.

கீழே உள்ள வடிவங்களின் பொருளைத் தமிழில் சொல்லுங்கள், கேள்வி இருக்கும் இடத்தில் விடை சொல்லுங்கள். விடையை மறைத்துக்கொண்டு முயன்று பாருங்கள்.

லத்தீன்: தெனென்த், வீவிமுஸ், தொர்மிஸ் என்று எழுதியது சரியா, ஃபுகியுன்த்.
ஸ்பானிஷ்: கொமேன், துவெர்மேஸ், தொர்மிமோஸ், உஸ்தேத் என்பதோடு விவிர் எப்படி வரும்.
ஆங்கிலம்: 'அவள் படிப்பதில்லை' என்பதை ஸ்டடி என்ற வினையால் சொல்லுங்கள்.

விடைகள்: பிடித்திருக்கிறார்கள், வாழ்கிறோம், சரியல்ல, நான்காம் வகையில் நெடில் வேண்டும், தொர்மீஸ், ஓடிப்போகிறார்கள். உண்கிறார்கள், உறங்குகிறாய், உறங்குகிறோம், உஸ்தேத் விவே. ஷி டஸ் நாட் ஸ்டடி.